பெயர் சொல்லிக் கூப்பிடாத வீடு

1

ஊரிலிருந்து தொலைபேசியில் பேசுகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "மலேசியாவுல நீ என்ன வேலைம்மா பாக்குற?" 'அவள்' என்றால் யார் என்று கேட்கிற வேலை என்பேன். சிரிப்பார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்வதில்லை.

ஈப்போவில் ஒரு கடைவீட்டின் மாடியில் இயங்கும் டியூஷன் நிலையத்துக்காக ஆங்கில இலக்கணக் கேள்விகள் எழுதுகிறேன். வெளிநாட்டுக் கல்லூரியில் சேர விரும்பும் பிள்ளைகள் எழுதும் நுழைவுத் தேர்வுக்கான மாதிரிக் கேள்விகள். அந்தத் தேர்வில் தவறாமல் வரும் வகை ஒன்று உண்டு. ஒரே வாக்கியத்தில் இரண்டு பெண்கள் இருப்பார்கள். மேரி ஹெலனிடம் அவளுடைய பை கிழிந்திருப்பதாகச் சொன்னாள். யாருடைய பை? வாக்கியம் சொல்லவில்லை. 'அவளுடைய' என்பதை எடுத்துவிட்டுப் பெயரைப் போடுகிற விடைதான் சரியானது. பெயரைச் சொல், குழப்பம் தீரும். தேர்வு எதிர்பார்ப்பது அவ்வளவுதான்.

என் கேள்விகளைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. நான் எழுதிய கேள்விக்கு இரண்டு விடை வந்ததாக இதுவரை யாரும் சொன்னதில்லை. பெரம்பலூர்ப் பக்கம் செங்கல் சூளையில் மண் குழைத்த குடும்பம் எங்களுடையது. பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான். என் அம்மாவுக்கு இன்றும் தன் பெயரை எழுத வராது. நான் ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்து, இப்போது அமெரிக்கக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஆங்கிலம் திருத்துகிறேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இங்கே பிள்ளைகளுக்கு இந்த வகைக் கேள்வி கடினம். காரணம் மலாய். மலாயில் அவன், அவள், அவர் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்: டியா. "டியா இருக்கும்போது என்ன சண்டை? ஆம்பளையும் அதுதான், பொம்பளையும் அதுதான். முடிஞ்சிச்சுலா" என்பார் என் கணவர் முரளி. அவர் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கிறவர். பழுது இல்லாத எதைப் பற்றியும் அவருக்குக் கவலை இல்லை.

கல்யாணமாகி நான் இங்கே வந்து இந்த மாதத்தோடு ஐந்து வருடம். அதற்காக ஏதாவது எழுது என்று தோழிகள் கேட்டார்கள். ஈப்போவின் வெள்ளைக் காப்பியைப் பற்றியும், நகரத்துக்குள்ளேயே நிமிர்ந்து நிற்கும் சுண்ணாம்பு மலைகளைப் பற்றியும் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வேறொன்று வந்துவிட்டது.

2

எங்கள் வீடு குனோங் ராபாட்டில். வரிசை வீடுகளின் கடைசி வீடு. பின்பக்கக் கதவைத் திறந்தால் மலை. மழைக்கு முன் அந்த மலை ஓரடி கிட்டே வந்தது போலத் தெரியும். வந்த புதிதில் இதைச் சொன்னபோது என் நாத்தனார் தர்ஷினி, "அண்ணி, அது மலை லா, மாடு இல்ல" என்றாள். அப்போது அவளுக்கு வயது பதின்மூன்று.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். நான், முரளி, தர்ஷினி, நான் அத்தை என்று கூப்பிடும் என் மாமியார். மாமனார் நான் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். ஆனால் முதல் வாரத்திலேயே ஐந்தாவது ஒருத்தியைப் பற்றிப் பேச்சு நடப்பது எனக்குக் கேட்டது. சோறு வடித்ததும் அத்தை கேட்பார்: "அவளுக்கு வெச்சாச்சா?" முரளி வெள்ளிக்கிழமை பூ வாங்கி வருவார்: "இது உனக்கு, இது அவளுக்கு." பக்கத்து வீட்டில் நடமாட முடியாத யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகும் வழியில் தலைக்கு மேலே ஒரு பலகை. அதில் ஒரு எவர்சில்வர் தட்டு. தட்டில் மடித்துவைத்த பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், ரிப்பன், சீப்பு. படம் இல்லை. எங்கள் ஊரிலும் இது உண்டு. கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண்பிள்ளையை வீட்டுச் சாமியாக வைப்பார்கள். ஆனால் எங்கள் ஊரில் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி அழுவார்கள், சண்டைகூடப் போடுவார்கள். இந்த வீட்டில் பெயரே இல்லை. 'அவ' மட்டும்தான்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் முந்தின நாள் படையலுக்குப் புதுப் பாவாடை வாங்க வேண்டும். முதல் வருடம் நானும் கடைக்குப் போனேன். பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைக்கு அளவு கேட்டார் அத்தை. "பேத்திக்காம்மா?" என்றான் கடைக்காரப் பையன்.

"இல்லப்பா. என் நாத்தனாருக்கு."

அவன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். அத்தை பாவாடையின் தையலை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முரளியிடம் கேட்டேன். "அப்பாவோட அக்கா. தோட்டத்துல காய்ச்சல்ல போயிட்டாங்க. பேரா? எனக்குத் தெரியாது. சொல்லக்கூடாதாம்" என்றார். எதற்குச் சொல்லக்கூடாது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. படித்தவள் என்பதால் எனக்குத்தான் அது உறுத்தியது.

வருடாவருடம் என் விசாவைப் புதுப்பிக்க வேண்டும். கணவர் உடன் வர வேண்டும், கல்யாணப் பத்திரம் வேண்டும், நகல் வேண்டும், அந்த நகல் சரியான நகல்தான் என்று சொல்லும் முத்திரை வேண்டும். ஒரு வருடம் அத்தையும் எங்களோடு குடிநுழைவு அலுவலகத்துக்கு வந்திருந்தார். முகப்பில் இருந்த பெண் அதிகாரி பேச்சுவாக்கில், வீட்டில் எத்தனை பேர் என்று மலாயில் கேட்டார். நான் 'எம்பாட்', நான்கு, என்று சொல்லி முடிப்பதற்குள் அத்தை "லீமா" என்றார். ஐந்து.

அதிகாரி கோப்பைப் பார்த்தார். ஐந்தாவது ஆள் எங்கே பதிவாகியிருக்கிறார் என்றார். அந்நியநாட்டுக்காரிக்கு ஒரு எண்ணிக்கை பிசகினால்கூடப் பயம்தான். முரளி சிரித்து, "அம்மாவுக்கு வயசாயிடுச்சு, புவான்" என்று அவரை மலாயில் மரியாதையாக அழைத்துச் சமாளித்தார். அதிகாரி அத்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினார். அவர் வீட்டிலும் எண்ணிக்கையில் வராத ஒருவர் இருந்திருக்கலாம்.

3

தர்ஷினி வளர்ந்தாள். தமிழ் சினிமாப் பாட்டுக் கேட்பது நின்றது. என்னிடம் ஆங்கிலத்திலும், தன் அண்ணனிடம் மலாய் கலந்தும், அம்மாவிடம் மட்டும் தமிழிலும் பேச ஆரம்பித்தாள். கணக்கில் கெட்டிக்காரி. அமெரிக்காவில் ஒரு சிற்றூரில் இருக்கும் கல்லூரியில் முழு உதவித்தொகையோடு இடம் கிடைக்கும், நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் மட்டும் வேண்டும் என்ற நிலைக்கு வந்தாள். உதவித்தொகை இல்லையென்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. முரளியின் சம்பளம் வீட்டுக் கடனுக்கும் காருக்கும் சரியாகப் போய்விடும்.

அவளைப் போகவைத்தே தீர்வது என்று நான் முடிவு செய்திருந்தேன். என் வீட்டில் பள்ளிக்கூட வாசலுக்கு முதலில் நான் போனது போல, இந்த வீட்டில் கடலைத் தாண்டி இவள் போக வேண்டும். அப்போது எனக்கு நான்காவது மாதம். காலையில் வாந்தி, மத்தியானம் கேள்வி எழுதுவது, சாயங்காலம் அவளைத் தேர்வுக்குத் தயார் செய்வது என்று நாள் ஓடியது.

கேள்விகளுக்குப் பெயர் வைப்பதில் எனக்கு ஒரு வழக்கம். சீனப் பெயர், மலாய்ப் பெயர், தமிழ்ப் பெயர் எல்லாம் கலந்து வைப்பேன். தமிழ்ப் பெயர் என்றால் அனிதா, பிரியா போல இந்தக் காலத்துப் பெயர்கள். ஒருநாள் குடையை வைத்து ஒரு கேள்வி தட்டச்சு செய்தேன். இன்னாள் மலரிடம் அவளுடைய குடை கிழிந்திருப்பதாகச் சொன்னாள். அந்த 'இன்னாள்' இடத்தில் ஒரு பழைய பெயரைப் போட்டேன். எனக்குத் தெரிந்த யாருக்கும் இல்லாத பெயர். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை. விரல் போட்டது.

அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. காரணம் பிறகு புரியும்.

மறுநாள் மத்தியானம் தர்ஷினி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அந்தத் தாளைச் சத்தமாகப் படித்தாள். அவள் எப்போதும் சத்தமாகத்தான் படிப்பாள். கேள்வியைப் படித்தாள். விடைகளைப் படித்தாள். சரியான விடையில் அந்தப் பெயர் திரும்பவும் வருமில்லையா, அதையும் நிறுத்தி நிதானமாகப் படித்தாள்.

சமையலறையில் அத்தை நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் நின்றது. பிறகு வாசற்படியில் வந்து நின்றார். கையில் மீன் தலை ஒட்டியிருந்தது.

"என்ன படிச்ச?"

"கிராமர்மா."

"அந்தப் பேர யாரு சொல்லிக் குடுத்தது?"

"எந்தப் பேரு? இதுவா?" என்று தர்ஷினி மறுபடியும் வாயைத் திறந்தாள். அத்தை மீன் கையாலேயே அவள் வாயைப் பொத்தினார்.

"ஐயோ, நாறுதுமா!"

"மறுபடி சொல்லாத. சொல்லாதன்னா சொல்லாத." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயா எழுதுன? யாரு சொன்னா உனக்கு?"

யாரும் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்த யாருக்கும் அந்தப் பெயர் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. முரளிக்கும் தெரியாத பெயர். மாமனார் இறந்த பிறகு அதை அறிந்த ஒரே ஆள் அத்தைதான். அவரும் அதைத் தம் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, வேறொருவர் வாயால் கேட்டவர்.

அன்றைக்குத்தான் முழுவதும் சொன்னார். அவர்கள் செமோர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தார்கள். தோட்டத்தை விற்றுவிட்டார்கள், தொழிலாளர்களின் லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். சாமான்களை லாரியில் ஏற்றிய பிறகு அத்தையின் மாமியார் வாசலில் நின்று, செத்துப்போன மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். கூப்பிட்டுவிட்டு வழி சொன்னாராம். "வாடி கண்ணு. பால் ஸ்டோர் தாண்டி வா. மாரியம்மன் கோயில் தாண்டி வா. பாலத்துல இறங்காத, மேல வா. லாரி போற வழியாவே வா." குனோங் ராபாட் வரைக்கும் ஒவ்வொரு திருப்பத்தையும் சொல்லிக்கொண்டே லாரியின் முன்னால் உட்கார்ந்து வந்தாராம்.

"பேர் சொன்னா கெளம்பிருவா. அதான் சும்மா கெடக்கறவளப் பேர் சொல்லக் கூடாது. கூப்பிட்டவங்க பின்னாலேயே வந்துருவா. இப்போ எழுதுனது நீ, வாயால கூப்பிட்டது இவ. கூப்பிட்டுட்டு வழி சொல்லல. நடுவழியில நிக்கிறா."

"அத்தை, அது ரொம்ப சாதாரணப் பேரு. எங்க ஊர்ல தெருவுக்கு ஒண்ணு இருக்கும்."

"அப்புறம் ஏன் உனக்குத் தெரிஞ்ச யாருக்கும் இல்ல?"

நான் அந்தத் தாளை வாங்கி மடித்தேன்.

"இவ எங்கேயும் போகல" என்றார் அத்தை, தர்ஷினியைக் காட்டி. "இவ போனா அவளும் பின்னால போயிடுவா. உனக்கு வயித்துல பிள்ள இருக்கு. பொறக்கற பிள்ளைக்கு இந்த வீட்டுல யாரு காவலு?"

தர்ஷினி வாயைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். இதையும் நீ திருத்துவாய்தானே என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

4

நான் திருத்தவில்லை. காத்திருந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் வீட்டுக்குள் ஒரு வாடை வந்தது. பால் திரிந்து, அதில் கயிறு ஊறினால் எப்படி இருக்கும், அப்படி. சாக்கடையாக இருக்கும் என்று சோப்புத்தூள் போட்டுக் கழுவினேன். போகவில்லை. பட்டப்பகலில், மின்விசிறி சுழலும்போது, கூடத்தின் ஒரு மூலையில் இருக்கும். கொஞ்ச நேரத்தில் மேசைப் பக்கம் இருக்கும். தர்ஷினி எழுந்து அறைக்குப் போனால் மேசைப் பக்கம் இருக்காது.

வேலையிலிருந்து வந்த முரளி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றுவிட்டார். "ஒட்டுப்பால் வாடை" என்றார். ரப்பர் மரத்துக் கோப்பையில் ஒட்டிக் காய்ந்துபோகும் பால் அது. சிறு வயதில் அவர் முகர்ந்த வாடை. சுற்றிலும் எத்தனையோ மைலுக்கு ஒரு ரப்பர் மரம் இல்லை. நான் பிறந்ததிலிருந்து அந்த வாடையை முகர்ந்ததே இல்லை. தெரியாத ஒன்றை என் மூக்கு எங்கிருந்து எடுத்தது என்று நான் அவரிடம் கேட்கவில்லை. பழுதுபார்க்கிறவர் அன்றைக்கு எதையும் கழற்றிப் பார்க்காமல் குளிக்கப் போய்விட்டார்.

மாதிரித் தேர்வு வைத்தேன். தர்ஷினி மற்ற எல்லாவற்றையும் வழக்கம் போலச் செய்திருந்தாள். 'அவள்' யார் என்று கேட்கும் கேள்விகள் எல்லாம் தவறு. ஒன்றுவிடாமல் எல்லாவற்றுக்கும் ஒரே விடை: 'மாற்றம் தேவையில்லை.' நான்கு வருடமாக இந்த வகையில் அவள் தவறியதே இல்லை. இந்தக் கணக்கில் போனால் உதவித்தொகை கிடையாது.

"என்ன இது? வேணும்னே போட்டியா?"

"இல்ல அண்ணி."

"அப்புறம்? பேர் போடணும்னு தெரியாதா உனக்கு?"

"போட்டுப் பாத்தேன். போட்டா தப்பா வருது." அவள் பென்சிலை ஒரு வாக்கியத்தின் மேல் வைத்தாள். ஒரு சீனப் பெண்ணும் ஒரு மலாய்ப் பெண்ணும் வரும் வாக்கியம். "இதுல 'அவள்' இவங்க ரெண்டு பேரும் இல்லையே."

"பின்ன யாரு?"

"தெரியல. வேற ஒருத்தி. சும்மா பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருக்கற மாதிரி." அவள் சொன்ன விதம் சாதாரணமாக இருந்தது. மழை வருது, துணியை எடுங்க என்று சொல்வது போல. "உங்களுக்கு அப்படித் தோணலையா அண்ணி?"

நான் அந்த வாக்கியத்தைப் படித்தேன். நான் எழுதிய வாக்கியம். கமா எங்கே, முற்றுப்புள்ளி எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்குத் தெரிந்த வாக்கியம். அதில் மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள். எனக்கும் தோன்றியது. தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் அத்தை, தம்மைச் செமோருக்குக் கூட்டிப் போகச் சொன்னார். "நடுவழியில நிக்கறவ இங்க காவலும் இருக்க மாட்டா. வந்த எடத்துலயே திருப்பி விட்டுட்டு வந்துரலாம்" என்றார். நான் காரை ஓட்டினேன். வளையலையும் ரிப்பனையும் ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். வழியில் வெற்றிலைக் கடையில் நிறுத்தினோம். தைப்பூசத்துக்குப் போகிறவர்கள் போல இருந்தோம்.

தோட்டம் இல்லை. தெரிந்ததுதான். அத்தைக்கும் தெரியும். ஆனால் பாலமாவது இருக்கும் என்று நினைத்திருக்கிறார். பாலமும் இல்லை. ஒரே மாதிரி ஓடு போட்ட, ஒரே மாதிரி வாசல் வைத்த வரிசை வீடுகள். எதிர்ப்பக்கம் எண்ணெய்ச் செம்பனைத் தோப்பு. அத்தை நெற்றியில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஒரு வீட்டு முன் நின்றார். "இங்கதான். இந்தச் சரிவு அப்படியே இருக்கு பாரு. இங்கதான் எங்க லயம்." கார் நிறுத்தும் கொட்டகையும், அதில் காயும் பிள்ளைத் துணிகளும்தான் இருந்தன.

வீட்டிலிருந்து ஒரு மலாய்ப் பெண் வந்தார். என் வயது இருக்கும். மரியாதையாகத்தான் கேட்டார். "சாரி சியாப்பா, மக்சிக்?" யாரைத் தேடுகிறீர்கள், அம்மா?

அத்தை வாயைத் திறந்தார். பெயர் சொல்ல முடியாதே. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "டியா" என்றார்.

அந்தப் பெண் அத்தையின் பையைப் பார்த்தார். பிறகு, "டியா சூடா பிண்டா" என்றார். அவங்க குடிபோயிட்டாங்களே.

முன்பு குடியிருந்தவர்களைச் சொல்லியிருப்பார். வாடகை வீடாக இருக்கும். நான் அப்படித்தான் அர்த்தம் செய்துகொண்டேன், இப்போதும் அப்படித்தான் செய்துகொள்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் வெயிலில் நின்றுகொண்டு நான் காரின் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அத்தை அந்தப் பெண்ணைக் கும்பிட்டார். அவரும் பதிலுக்கு நெஞ்சில் கைவைத்துத் தலை அசைத்தார்.

திரும்பும்போது கார் ஜன்னலை மூடியிருந்தோம். வாடை காருக்குள் இருந்தது.

பாதி வழியில் அத்தை பேசினார். "எங்க மாமியா சொல்லுவாங்க. இவதான் மூத்தவ. அம்மா மரத்துல பால் வெட்டப் போனா, தம்பி தங்கச்சிகள இவதான் தூக்கிக்கிட்டு இருப்பா. பசங்கள மட்டும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு விட்டாங்க. இவ இடுப்புல பிள்ளையோட அந்த ஜன்னலுக்கு வெளிய போயி நிப்பாளாம். வாத்தியார் தொரத்தினாலும் மறுநாள் வந்து நிப்பாளாம்."

சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

"திரும்பிப் போறதுக்கு அவளுக்கு எடம் இல்ல" என்றார் அத்தை. "எங்கேயும் போனவளும் இல்ல." பிறகு, "தர்ஷி போகட்டும். தொணைக்கு இவளும் போகட்டும். நீ என்ன சொல்ற?"

"எனக்கு அதெல்லாம் நம்பிக்கை இல்ல அத்தை. அனுப்புங்க" என்றேன். சட்டென்று, பெருமையாகச் சொன்னேன்.

5

வீட்டுக்கு வந்ததும் அத்தை பலகையின் கீழே நின்று பேசினார். பெயர் சொல்லவில்லை. "போகலாம். ஒன்னையும் அனுப்பறேன். அவ எழுதற வரைக்கும் அவ பக்கத்துல நின்னு எட்டிப் பாக்காத. தள்ளி நில்லு" என்றார். குறும்பு செய்யும் பிள்ளையிடம் பேசுகிற குரல்.

தர்ஷினி பினாங்குக்குப் போய்த் தேர்வு எழுதி வந்தாள். "இப்போ ரெண்டு பேருதான் இருந்தாங்க" என்று மட்டும் என்னிடம் சொன்னாள். மதிப்பெண் வந்தது. உதவித்தொகை வந்தது. டியூஷன் நிலைய முதலாளி மிஸ் லியோங் அவள் படத்தைப் பெரிதாக அச்சடித்துப் படிக்கட்டில் ஒட்டினார். விளம்பரத்துக்குத்தான். இருந்தாலும் ஏறும்போதும் இறங்கும்போதும் பார்ப்பேன்.

வாடை மட்டும் போகவில்லை. காத்துக்கொண்டிருந்தது.

அவள் புறப்பட்ட நாள் போன மாதம். ஈப்போவிலிருந்து விமான நிலையத்துக்கு நேராகப் போகும் பேருந்து. பெட்டிகளை ஏற்றினோம். முரளி தங்கையிடம், "அங்க போய் வெள்ளக்காரன் மாதிரி பேசாத. ஃபோன் பண்ணினா மரியாதையா 'அண்ணே'ன்னு கூப்பிடணும், தெரியும்ல?" என்றார். "சரிங்க தொவ்கே" என்றாள் அவள், முதலாளியிடம் பேசுவது போல. சிரித்துக்கொண்டே ஏறினாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கையில் அவள் கைப்பை மட்டும் இருந்தது. அது அத்தை தனியாக வாங்கின சீட்டு. ஓட்டுநர் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆள் எங்கே?" "வருவாங்க" என்றார் அத்தை.

பிறகு என் பக்கம் திரும்பினார். "கூப்பிடு."

"நானா?"

"நீதான எழுதுன. வழியும் ஒனக்குத்தான தெரியும்? ஈப்போவத் தாண்டி எனக்கு என்ன வழி தெரியும்?"

என் வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை. நம்பிக்கை இல்லை என்று காரில் சொன்னது எவ்வளவு எளிதாக இருந்தது. இப்போது வாய் திறக்கவில்லை. கூப்பிட்டால் அவள் போய்விடுவாள். என் பிள்ளை பிறந்து வரும்போது அந்த வீட்டில் சுவர்களும் நாங்களும்தான் இருப்போம். கூப்பிடாவிட்டால் தர்ஷினி அத்தனை கடலையும் தாண்டித் தனியாகப் போக வேண்டும். திருச்சி விமான நிலையத்தில் என்னைத் தனியாக அனுப்பினார்கள். அம்மா உள்ளே வர முடியாது என்று காவலர் சொன்னதும் அவள் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்ல அவளுக்கும் தெரியவில்லை. எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் நான் அழுதது யாருக்கும் தெரியாது. படித்தவள் என்பதால் கேட்கவும் வெட்கமாக இருந்தது.

இயந்திரம் உறுமத் தொடங்கியது. அத்தை என்னை அவசரப்படுத்தவில்லை. கையில் இருந்த பூவை மட்டும் என் கையில் வைத்தார்.

கூப்பிட்டேன். பெயர் சொல்லி, சத்தமாக. பக்கத்தில் பெட்டியோடு நின்ற ஒரு சீனக் குடும்பம் திரும்பிப் பார்த்தது. முரளி தலையைக் குனிந்துகொண்டார். நான் நிறுத்தவில்லை.

"வா கண்ணு. இந்தப் பஸ்ஸுல ஏறு. தர்ஷி பக்கத்துல உக்காரு. பஸ்ஸு தாப்பா தாண்டும், தஞ்சோங் மாலிம் தாண்டும், நடுவுல எங்க நிறுத்துனாலும் இறங்காத. ஏர்போர்ட்டுல பெரிய கண்ணாடிக் கதவு தானாத் தெறக்கும், பயப்படாத. பாஸ்போர்ட் கேப்பாங்க. ஒன்னைக் கேக்க மாட்டாங்க. அவ நிக்கிற வரிசையிலயே நில்லு. ப்ளேன் ஏறுனா காது அடைக்கும், எச்சில் முழுங்கு. நடுவுல ஒரு ஊர்ல மாத்தி ஏறணும், அவ கையப் புடிச்சுக்கோ. அங்க குளிரும். அவகிட்ட ரெண்டு ஸ்வெட்டர் இருக்கு. அப்புறம் வகுப்புக்குப் போவா. உள்ள போ. ஜன்னலுக்கு வெளிய நிக்காத. உள்ள போயி உக்காரு."

ஏதோ ஒன்று என்னை ஒட்டிக் கடந்து போனது. காற்று என்று சொல்லலாம். பேருந்துக் கதவு மூடிய காற்று என்றும் சொல்லலாம். அதோடு அந்த வாடையும் போனது. கதவு மூடியது. தர்ஷினி கண்ணாடி வழியாகக் கை அசைத்தாள். வெளியே என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் தன் கைப்பையைப் பக்கத்து இருக்கையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

வீட்டில் அத்தை பலகையைத் துடைத்தார். பாவாடை சட்டையைப் பெட்டியில் வைத்து மூடினார். வீட்டில் சோப்பு வாசனையும் கறிவேப்பிலை வாசனையும் இருந்தன.

தர்ஷினி வாரம் ஒருமுறை அழைக்கிறாள். இரண்டு பேர் தங்கும் அறை கொடுத்தார்களாம். இன்னொரு மாணவி வரவே இல்லையாம், கடைசி நேரத்தில் வேறு கல்லூரிக்குப் போய்விட்டாளாம். "தனியா இருக்கப் பயமா இல்லையா?" என்றேன். "இல்லையே அண்ணி. ஏன்னு தெரியல, கொஞ்சம்கூட இல்ல" என்றாள். "அங்க எல்லாம் ஓக்கேவா?"

"ஓக்கே லா" என்றேன்.

அத்தை பாசாருக்கு மீன் வாங்கப் போயிருக்கிறார். முரளி வேலையில். பட்டப்பகல். பின்பக்கம் மலை அப்படியே நிற்கிறது. ஐந்து வருடத்தில் நான் ஒருநாளும் செய்யாததை இப்போது செய்கிறேன். பகல் நேரத்திலும் இரும்புக் கம்பிக் கதவை இழுத்துப் பூட்டி, சாவியை மடியில் வைத்துக்கொண்டு, வயிற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.